புது சீலும் ஏன் ஒழுகுகிறது?

"கிராங்கின் முன் சீலை மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, திரும்பவும் காருக்குக் கீழே ஒயில். சீல் போலியா, பூட்டின ஆள் பிழையா?" என்று மாங்குளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். (கிராங் என்பது எஞ்சினுக்குள் சுழலும் முதன்மைத் தண்டு. அது முன்னும் பின்னும் வெளியே வருகிற இடத்தில் ஒயில் ஒழுகாமல் காப்பது சீல்.) இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஏ9 வீதியை விட்டு இறங்கிக் கிரவலில் ஓடுகிற வாகனம் என்றால் மூன்றாவது சந்தேகம் ஒன்றும் உண்டு: எயார் பில்டர். எஞ்சினுக்கு மேலே இருக்கிற வடிகட்டிக்கும் கீழே சொட்டுகிற ஒயிலுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதற்கு முன், ஒழுகுவது அந்த சீல்தானா என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் சொட்டுவது எது என்று பாருங்கள். எஞ்சின் ஒயில் தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை இருக்கும், விரலில் வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டோ கியர் ஒயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஒயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ தண்ணீர்போல் ஓடினால் கூலன்ட். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஒயில். வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வடிவது, அதற்குக் கவலை வேண்டாம். சக்கரத்தின் உட்புறம் வெளிறிய வழுவழுப்பு இருந்தால் அது பிரேக் ஒயிலாக இருக்கக்கூடும். அந்தக் காரை எடுக்கவே வேண்டாம்.

பிறகு அளவு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் கழித்து ஒயில் அளக்கும் ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையில் பல கார்களில் ஏறக்குறைய 1 லீற்றர், சின்ன எஞ்சின்களில் அதிலும் குறைவு. ஒழுகுகிறதே என்று மேல் குறியைத் தாண்டி ஊற்றி வைப்பவர்கள் ஒழுக்கைக் கூட்டிக்கொள்கிறார்கள். கிராங் அந்த ஒயிலை அடித்து நுரையாக்கிச் சீல்களின்மேல் வாரி இறைக்கும்.

ஒயில் தான் கசிந்த இடத்தில் நிற்பதில்லை. ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கும், ஓடும்போது வருகிற காற்று பின்னே தள்ளும். எஞ்சினின் உச்சி மூடியான டப்பட் கவரில் கசிந்த ஒயில் எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து, எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் பிளைவீல் கூட்டுக்குக் கீழே சொட்டும். பார்ப்பவர் பின் சீல் போய்விட்டது என்று கியர்பொக்ஸை இறக்கச் சொல்வார். ஆகவே ஈரத்தில் மிக உயரமானதும் மிக முன்னுக்கு இருப்பதும் எது என்று தேடுவதே முறை. இந்த விடயத்தில் வன்னித் தூசி உதவிக்கு வருகிறது. பழைய கசிவில் செம்மண் ஏறித் தடித்த கறையாக இருக்கும். புதுக் கசிவு அந்தக் கறையைக் கழுவிக்கொண்டு கறுத்த கோடாக இறங்கும்.

கோடு தெளிவில்லை என்றால் கழுவுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும். பெற்றோலைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். ஓல்டர்னேற்றரையும் மின் இணைப்புகளையும் பொலித்தீனால் மூடுங்கள், சேர்விஸ் நிலையத்துத் தண்ணீர்க் குழாயை அவற்றின் பக்கம் திருப்ப விடாதீர்கள். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் குழந்தைப் பவுடரைத் தூவி, 15 நிமிடம் ஓடவிட்டால் வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஓடும் பெல்டுக்குக் கை, சாறம் எதுவும் அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய கசிவுக்கு ஒயிலில் கலக்கும் ஒளிர்சாயம் இருக்கிறது. பக்கற்றில் சொன்ன அளவு ஊற்றி, 20 நிமிடம் ஓட்டி, இருட்டில் புறஊதா டோர்ச் அடித்தால் மஞ்சட்பச்சையாக மின்னும். காசுத்தாள் சோதிக்கிற சிறிய டோர்ச்சே போதுமானது.

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிறுத்தாமல் போவதில்லை. தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அந்த 10 நிமிடம், எஞ்சின் சூடாகவும் ஒயில் நீர்த்தும் இருக்கிற நேரம். ஒரு காட்போர்ட் மட்டையை எஞ்சினுக்குக் கீழே போட்டுவிட்டுக் கும்பிடப் போகலாம். பொட்டு முன் சக்கரத்திலிருந்து எத்தனை சாண் தள்ளி விழுந்திருக்கிறது என்பதே பாதி விடை.

கோடு ஒயில் பில்டரிலோ, எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பின் நட்டிலோ, ஒயில் பிரஷர் சுவிட்சிலோ, டப்பட் கவரிலோ தொடங்கினால் வேலை சுலபம். பில்டரில் ஒரே ஒரு விடயம்: பழைய பில்டரின் றப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, புதியதை அதன் மேலேயே பூட்டிவிட்டால் ஒயில் பீறிட்டுக் கொட்டும். சம்ப் நட்டுக்கு வொஷரை மாற்றி 30 முதல் 40 நியூட்டன் மீற்றர். டப்பட் கவர் நட்டுகளுக்கு 8 முதல் 10தான், அதாவது மணிக்கட்டின் பலம், தோளின் பலமல்ல. நடுவிலிருந்து வெளியே போய், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் தகரம் வளைந்து, நட்டுக்கு நட்டு நடுவில் வாய் திறக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்துத் தடம் விழாத காஸ்கெற் (கவருக்கு அடியில் வைக்கும் றப்பர் அடை) பிளாஸ்டிக்காகிவிட்டது. அதை இறுக்கிப் பயனில்லை.

இனி வாசகரின் சீல். அது ஓர் இரும்பு வளையம், உள்ளே றப்பர் நுனி, நுனியின் முதுகில் அதை அணைத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள் கம்பி. அவ்வளவுதான். 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டு நிமிடத்துக்கு 3000 தடவை சுழன்றால் அதன் மேற்பரப்பு விநாடிக்கு ஐந்தரை மீற்றர் வேகத்தில் அந்த நுனியை உரசிக்கொண்டு போகும். காய்ந்த றப்பர் இந்த உரசலில் கருகிவிடும். ஆனால் சீல் கருகுவதில்லை. ஏனென்றால் நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் ஒயில் இருக்கிறது. 1957இல் ஜாகர் என்ற பிரித்தானிய ஆய்வாளர் இதைக் காட்டினார்: நன்றாக வேலை செய்கிற சீலின் நுனி, மைக்ரோன் கணக்கான தடிப்புள்ள ஒயில் படலத்தின்மேல் மிதக்கிறது.

அப்படியானால் ஒயில் நுனிக்கு அடியிலேயே நிற்கிறது, வெளியே ஒரு மயிரிழைத் தூரம்தான். ஏன் வெளியே வருவதில்லை? சீல் அதைத் தடுப்பதில்லை, திருப்பி உள்ளே பம்ப் பண்ணுகிறது என்பதுதான் விடை. நுனியை வெட்டிப் பார்த்தால் அது சமச்சீரானதல்ல. ஒயில் பக்கச் சரிவு செங்குத்து, ஏறக்குறைய 45 பாகை. வெளிப்பக்கச் சரிவு படுக்கை, 25 பாகை அளவில். இதனால் தண்டை அழுத்தும் விசை ஒயில் பக்க விளிம்பில் உச்சமாகவும் வெளிப்பக்கமாக மெதுவாகக் குறைந்தும் இருக்கும். ஓடத் தொடங்கிய முதல் சில மணித்தியாலங்களில் நுனி சற்றுத் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் அதில் உருவாகும். சுழலும் தண்டு அந்த மேடுகளைத் தன் திசையில் இழுக்கும்போது, காற்றடிக்கிற பக்கம் வயல் நெல் சாய்வதுபோல் எல்லாம் சரியும். அழுத்தம் கூடிய விளிம்பில் சாய்வு ஒரு விதம், குறைந்த பக்கத்தில் வேறு விதம். சரிந்த வரிகள் நுண்ணிய துடுப்புகளாகி, வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக ஒயிலைத் தள்ளும். ஓடுகிற நல்ல சீலின் வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஒயிலை வைத்தால் அது உள்ளே இழுபட்டு மறைந்துவிடும்! அதே சீலைத் தலைகீழாகப் பூட்டினால் அது எஞ்சினிலிருந்து ஒயிலை வெளியே இறைக்கும்.

இதன் மூதாதை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மொரிஸ் மைனரின் ஏ ரக எஞ்சினில் கிராங்கின் பின்பக்கத்தில் றப்பர் சீலே கிடையாது. தண்டில் ஒரு திருகு மரை வெட்டியிருக்கும், சுழலும்போது அது ஒயிலை உள்ளே திருகி அனுப்பும். நின்றால் திருகாது. ஆகவே மொரிஸ் நிற்கிற கொட்டிலில் ஒரு பொட்டு இருப்பது இயல்பு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு வாய் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்தது. நீர்த்த ஒயிலை அந்த மரையால் பிடித்து வைக்க முடியாது. இன்றைய றப்பர் நுனி தேயும்போது தன்மேல் தானே எழுதிக்கொள்வதும் அதே மரைதான். சில சீல்களின் வெளிப்பக்கத்தில் சாய்ந்த வரிகளும் ஓர் அம்புக்குறியும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அம்பு தண்டு சுழலும் திசையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு நுட்பமான பம்பை எது கெடுக்கிறது? முதலாவது தூசி. கிரவல் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது எஞ்சின் உருக்கைவிடக் கடினம். ஈரமான நுனியில் ஒட்டும் துகள் மென்மையான றப்பரில் புதைந்து, தண்டை அறுக்கத் தொடங்கும். றப்பர் இரும்பில் பள்ளம் போடுகிற விந்தை இப்படித்தான் நடக்கிறது. புதுச் சீலின் நுனி நேரே அந்தப் பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் அழுத்தக் கணக்கு முழுவதும் குழம்பிவிடும்.

இரண்டாவது, மாங்குளத்து வாசகருக்கு நான் சந்தேகப்படுவது, அழுத்தம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிவாயு கொஞ்சம் எப்போதும் கிராங் கூட்டுக்குள் இறங்கும். பெற்றோல் எஞ்சினில் அதைப் பிசிவி வால்வு உறிஞ்சி மறுபடி எரிக்க அனுப்புகிறது. ஆகவே கூட்டுக்குள் வழமையாக இருப்பது இலேசான வெற்றிடம், பம்புக்கு அது துணை. கிழிந்த, அல்லது சரியாக உட்காராத எயார் பில்டரால் தூசி உள்ளே போனால் வளையங்களும் சிலிண்டரும் தேயும். இறங்கும் வாயு கூடும். பிசிவி கரியில் அடைபட்டால் அதற்குப் போக வழியில்லை. சாதாரணச் சீல் 0.3 பார் அளவைத் தாண்டத் தாங்காது, அதற்கு முன்பே கசியும். இருப்பதில் பலவீனமான சீலால் ஒயில் வெளியே வரும். அதை மாற்றினால் அடுத்த பலவீனமானது.

சோதனைக்குச் செலவில்லை. எஞ்சினை ஐடிலில் விட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின்மேல் மெல்லிய பொலித்தீன் துண்டொன்றை வையுங்கள். இலேசாக உள்ளே இழுபட்டால் நல்லது. ஊதி எழும்பினால் சீலை மாற்றிப் பயனில்லை. எயார் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒயில் நனைந்திருந்தால் அதே கதை. பிசிவி வால்வைக் கழற்றி ஊதினால் ஒரு திசையில் மட்டும் காற்றுப் போக வேண்டும்; விலை குறைந்த பொருள், சந்தேகமென்றால் மாற்றிவிடலாம். டீசல் வான்களில் இந்த வால்வு வேறு விதமாக இருக்கும் அல்லது இருக்காது, அங்கே அந்த வாயு வெளியேறும் பிரிதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அழுத்தம் சரி என்றால் சீல். பழையதைக் கழற்றும்போது ஸ்குரூ டிரைவரின் நுனிக்குச் சீலை சுற்றுங்கள் (துணியைச் சொல்கிறேன்), தண்டில் ஒரு கீறல் விழுந்தாலும் அது கசிவுக்கு வாய்க்கால். சீலில் அச்சடித்த மூன்று எண்கள் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. அளவு பொருந்தினால் மட்டும் போதாது. தண்ணீர்ப் பம்புக்கு விற்கிற சாதாரண நைட்ரைல் றப்பர் 100 பாகைக்கு மேல் தொடர்ந்து கிடந்தால் இறுகிவிடும். எஞ்சின் ஒயில் ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே ஓடுகிறது. எஞ்சினுக்கென்று விற்கும் அக்ரிலிக், அல்லது ஃபுளோரோ றப்பரையே கேட்டு வாங்குங்கள். தண்டின் தடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடக்கினால் தண்டின்மேல் மெல்லிய உருக்கு ஸ்லீவ் (உறை) போட வேண்டும், அல்லது சீலை 1 முதல் 2 மில்லிமீற்றர் தள்ளி உட்கார வைத்து நுனிக்குப் புது இடம் கொடுக்க வேண்டும். பின்னால் உள்ள ஒயில் திரும்பும் துளை மறைபடக் கூடாது. நுனியில் சுத்தமான எஞ்சின் ஒயில் தடவி, வெளிவிட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். காய்ந்த நுனியோடு ஸ்டார்ட் பண்ணினால் முதல் நிமிடத்திலேயே அது கருகும். டைமிங் பெல்டில் ஒயில் பட்டிருந்தால் பெல்டும் புதிது.

சிலிக்கன் பேஸ்டைச் சீல் நுனியில் தடவுகிறவர்களை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். அது காஸ்கெற்றின் மூலைகளுக்கும், பேஸ்டுக்கென்றே வடிவமைத்த சம்புக்கும் உரியது. 2 முதல் 3 மில்லிமீற்றர்க் கோடு போதும். பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஒயில் பம்பின் வலையை அடைத்தால், ஒழுக்கைத் தேடிப் போய் எஞ்சினையே இழக்க நேரும். "ஒழுக்கு நிற்கும்" என்று போத்தலில் விற்கிற மருந்து இறுகின றப்பரைக் கொஞ்சம் ஊதவும் இளகவும் வைக்கும். கிழிந்த நுனிக்கும் பள்ளம் விழுந்த தண்டுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. ரயருக்கு அடியில் வைக்கிற தேசிக்காயாவது மலிவு.

தூசி சீலை எவ்வளவு விரைவில் தின்கிறது என்று நம் மண்ணை வைத்தே அளந்துபார்க்க ஒரு மோட்டார், ஒரு தண்டு, ஒயில் பெட்டி, சல்லடை போட்ட கிரவல் போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இந்த அளவு சோதனைக்குக் காசு ஒதுக்குவதுதான் ஆராய்ச்சி நிதியின் முதல் வேலை என்பது என் கட்சி. லாண்ட்மாஸ்டரிலிருந்து அறுவடை இயந்திரம் வரை எல்லாவற்றிலும் இதே சீல்தான்.

பின் சீல்தான் என்று உறுதியானால் அவசரம் வேண்டாம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர். 50 மீற்றருக்கு ஒன்று விழுந்தால் கிலோமீற்றருக்கு 1 மில்லிலீற்றர், கிளிநொச்சியிலிருந்து வவுனியா போய்ச்சேர 75 மில்லிலீற்றர். கிழமைக்கொரு தடவை ஸ்ரிக்கைப் பார்த்து ஊற்றிக்கொண்டு, கிளட்ச் மாற்றும் காலம் வரை ஓட்டலாம். கியர்பொக்ஸ் ஒரே தடவை இறங்கட்டும். கிளட்ச் வழுக்கினால், ஒயில் சைலென்சர் குழாயில் விழுந்து புகைந்தால், அல்லது ஒயில் விளக்கு ஒரு கணம் எரிந்தாலும் இந்தக் கணக்குச் செல்லாது. விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.