மழை மறைப்பதை மூளை வாசிக்கிறது

வெளியே மழை பிடித்துக்கொண்டுவிட்டது. நூறு முறை கேட்ட பழைய ராக் பாட்டு ஒன்றைப் போடுகிறீர்கள். இவ்வளவு இரைச்சலில் பாட்டு கெட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் வழக்கத்தைவிட நெருக்கமாக ஒலிக்கிறது. எத்தனை மழை கடந்தாலும் எனக்கு இந்த வியப்பு அடங்குவதில்லை.

ஈரக்காற்றில் ஒலி நன்றாகப் பரவுவதுதான் காரணம் என்பார்கள் சிலர். அறைக்குள் நாலடி தூரத்தில் அந்த வித்தியாசம் பொருட்டே அல்ல.

மழை 'சோ'வென்று பெய்கிறது என்கிறோம். அந்தச் 'சோ'வில்தான் விஷயம் இருக்கிறது. இலை, கண்ணாடி, கூரை, தேங்கிய நீர் என ஒவ்வொன்றிலும் விழும் துளி வெவ்வேறு சுருதியில் ஒலிக்கிறது. நீரில் விழும் சிறு துளி ஒரு காற்றுக்குமிழியைச் சிறைப்பிடிக்கிறது. நீருக்கடியில் மைக் வைத்தால், அது நொடிக்குச் சுமார் 14,000 முறை அதிர்வது பதிவாகும். ஆயிரமாயிரம் துளிகள் ஒழுங்கில்லாமல் விழும்போது எந்தச் சுருதியும் தனித்துத் தெரியாது. சீரான இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

தூரத்துப் பேச்சையும் வண்டிச் சத்தத்தையும் அந்த இரைச்சல் மூடிவிடுகிறது. பாட்டிலும் கொஞ்சம் மூடத்தான் செய்கிறது. டிரம்ஸோடு தட்டப்படும் உலோகத் தட்டான சிம்பலின் சிலிர்ப்பும் பாடகரின் மூச்சொலியும் முதலில் போகும், ஏனென்றால் அவையும் 'சோ' ரகம்தான். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது; மழை இரைச்சலைவிட மிகத் தாழ்ந்த சுருதி என்பதால் தப்பிவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரின் கதை இன்னும் சுவையானது. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் வெட்டுப்படும். அதனால் மூலச் சுரத்தோடு சேர்ந்து அதற்கு மேலே ஒலிக்கும் புதிய மேற்சுரங்கள் முளைக்கும். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். தந்தியின் அதிர்வு தளர்ந்த பிறகும் ஒலி மழைக்கு மேலேயே நிற்கும்.

மறைந்துபோன சிம்பல் எப்படிக் கேட்கிறது? 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், பதிவு செய்த ஒரு சொல்லிலிருந்து ஓர் ஒலியை வெட்டியெடுத்து, அங்கே இருமலை ஒட்டினார். கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் சொல் முழுசாகவே கேட்டது. இருமலுக்குப் பதில் மௌனத்தை வைத்தபோது ஓட்டை தெரிந்துவிட்டது. இரைச்சல் இருந்தால், 'ஒலி அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது' என்று மூளை எடுத்துக்கொண்டு தானே நிரப்பிவிடுகிறது.

பழகிய பாட்டு என்றால் மௌனத்தில்கூட மூளை ஓய்வதில்லை. 2005-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், பாடல்களின் நடுவே சில நொடிகளை அழித்துவிட்டுக் கேட்கவைத்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' அவற்றில் ஒன்று. தெரிந்த பாட்டென்றால், ஒலி நின்ற இடைவெளியிலும் மூளையின் செவிப்பகுதி உழைத்துக்கொண்டிருந்தது.

இப்படிக் கூடவே வாசிக்கும் மூளைக்கு அடுத்து வருவதும் தெரியும். மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் கண்டது இது: பாட்டு புல்லரிக்கவைக்கும் கணத்தில் மட்டுமல்ல, அதை எதிர்பார்த்திருக்கும் நொடிகளிலும் மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கிட்டார் சோலோவுக்கு முந்தைய அந்தத் தவிப்பே பாதி இன்பம்.

அடுத்த மழையில், உங்கள் பாட்டை இதுவரை கேட்டிராத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பாட்டு முடிந்ததும், சிம்பல் கேட்டதா என்று விசாரித்துப் பாருங்கள்.