ஜிங்க் ஃபிங்கர்னா என்ன? துத்தநாக விரலும் டபிள்யூடி1 ஜீனும்

ஜிங்க் ஃபிங்கருக்கு தமிழ்ல துத்தநாக விரல். கொரோனா டைம்ல சென்னை மெடிக்கல் ஷாப்ல எல்லாம் வரிசையா நின்னு வாங்குனோமே ஜிங்க் மாத்திரை, அதே ஜிங்க்தான். விரல்னா புரதத்துல சுமார் 30 அமினோ அமிலம் நீளத்துக்கு இருக்கற ஒரு துண்டு, அதுல சிஸ்டீன்ங்கற அமினோ அமிலம் ரெண்டும் ஹிஸ்டிடின்ங்கறது ரெண்டும் சேந்து நடுவுல ஒரு துத்தநாக அயனிய புடிச்சுக்கறதால அது மடங்கி நிக்கும், அந்த மடிப்பு டிஎன்ஏவோட பள்ளத்துக்குள்ள போயி எழுத்த தடவிப் பாத்து புடிச்சுக்கும். ஜிங்க் டிஎன்ஏவ தொடவே தொடாது, மடிப்பு கலையாம பாத்துக்கறதோட சரி.

1985ல கேம்பிரிட்ஜ்ல ஆரோன் க்ளூக் குழு ஆப்பிரிக்க தவளையோட ஒரு புரதத்துல இந்த மாதிரி 9 துண்டு வரிசையா இருக்கறத கண்டுபிடிச்சாங்க. (அவருக்கு நோபல் 1982லயே வேற வேலைக்கு வந்துருச்சு.)

சிலர் 'விரலி'ன்னு எழுதறாங்க, எனக்கு அது ஒட்டல, விரலின்னா மளிகைக்கடை மஞ்சள்தான் ஞாபகம் வருது, போதாக்குறைக்கு பென் டிரைவுக்கும் அந்த பேர வச்சுட்டாங்க. துத்தநாகத்துல நாகம் இருக்கேன்னும் பயப்பட வேணாம், அது உலோகத்துக்கு பழைய பேரு, சித்த மருந்துல நாக பற்பம்னு சொல்றாங்கல்ல அந்த நாகம்.

இப்ப டபிள்யூடி1. எங்க எதிர்வீட்டு அக்கா பையனோட ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்ல இந்த பேர பாத்துட்டு கூகுள் பண்ணி "கேன்சர் ஜீனாம்டா"ன்னு அழுதுட்டாங்க. அப்படி இல்லக்கா, இந்த ஜீன் உங்களுக்கும் இருக்கு எனக்கும் இருக்கு, 11வது குரோமோசோம்ல, அதுல இருந்து வர்ற புரதத்துல நாலு துத்தநாக விரல் இருக்கு. கருவுல கிட்னியும் விதைப்பை, சூலகமும் உருவாகறதுக்கு இது வேணும். குழந்தைங்களுக்கு வர்ற வில்ம்ஸ் கட்டிங்கற கிட்னி கேன்சர ஆராயும்போது 1990ல மாட்டுச்சு, அதனால நோய் பேரே ஜீனுக்கும் ஒட்டிகிச்சு (டபிள்யூடின்னா வில்ம்ஸ் டியூமர்). அந்த கட்டி வர்ற எல்லா குழந்தைக்கும் இதுல கோளாறு இருக்கும்னும் இல்ல, கொஞ்ச பேருக்குத்தான்.

இதுல விநோதம் என்னன்னா, மூணாவது விரல்ல புரதத்தோட 394வது இடத்துல ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலம் போயி டிரிப்டோஃபேன்ங்கறது வந்தா டெனிஸ்-டிராஷ் சிண்ட்ரோம், சின்ன வயசுலயே யூரின்ல புரதம் போயி கிட்னி கெட்டுரும், பிறப்புறுப்பு வளர்ச்சியும் சரியா இல்லாம போகலாம், கட்டி வர்ற ரிஸ்க்கும் அதிகம். ஆனா அந்த ஜீனோட ரெண்டு காப்பில ஒண்ணு மொத்தமா காணாம போனா கிட்னி அவ்ளோ சீக்கிரம் போறதில்ல, (கட்டி ரிஸ்க் அதுலயும் உண்டுதான், பக்கத்துல இருக்கற பாக்ஸ்6 ஜீனும் சேந்து போச்சுன்னா குழந்தை கண்ணுல ஐரிஸ் (நிறமா இருக்கற வளையம்) இல்லாம பொறக்கும்). ஏன் இந்த வித்தியாசம்னா, டெனிஸ்-டிராஷ்ல கெட்டுப்போன புரதம் சும்மா இருக்காது, நல்ல காப்பியில இருந்து வர்ற புரதத்தோட போயி ஒட்டிகிட்டு அதையும் வேலை செய்யவிடாது.

விரல்ல எழுத்தே தப்பா இருக்கறப்ப ஜிங்க் மாத்திரை போட்டு ஒண்ணும் ஆகாது. ரிப்போர்ட்ல ஜீன் பேர பாத்ததும் பதறாம பக்கத்துல 'பேத்தோஜெனிக்'னு (நோய் வரவைக்கற மாற்றம்) இருக்கா 'வியுஎஸ்'னு இருக்கான்னு பாருங்க, ரெண்டாவதுன்னா அந்த மாற்றத்தால நோய் வருமான்னு இன்னும் முடிவாகலன்னு அர்த்தம், ஜெனிடிக் டாக்டர்கிட்ட காட்டி கேட்டுக்கோங்க.