சூரியக் காற்றுக்கு ஒரு காற்றாலை

ஆரல்வாய்மொழி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "முப்பந்தலில் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறதாமே, விண்வெளியில் ஒரு காற்றாலை வைத்தால் என்ன?"

சூரியக் காற்று ஒரு பிளாஸ்மா. புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் பிரிந்தே பறக்கும் வாயு. வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் பூமி இருக்கும் தூரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்தான் தேறும். கணக்குப் போட்டால் அதில் இருக்கும் திறன் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட்டில் 4,000இல் ஒரு பங்கு. அதே இடத்து வெயிலில் 1,361 வாட்! நம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றிலேயே 600 வாட் இருக்கிறது. மின்சாரம் வேண்டுமென்றால் சூரியத் தகடுதான்.

சரி, அந்தக் காற்று எதற்குமே உதவாதா? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. பின்லாந்து விஞ்ஞானி பெக்கா யான்ஹுனன் சொன்ன யோசனை: விண்கலத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நீளமாக விரித்து, அதற்கு 20,000 வோல்ட் நேர்மின் அழுத்தம் கொடுங்கள். வரும் புரோட்டானின் ஆற்றல் சுமார் 1,000 எலக்ட்ரான்வோல்ட்தான், அதாவது 1,000 வோல்ட் இருந்தாலே அதைத் தடுத்துவிடலாம். அதனால் கம்பியை நெருங்க முடியாமல் விலகி ஓடுகிறது, ஓடும்போது கம்பியைத் தள்ளிவிட்டுப் போகிறது. எவ்வளவு தூரத்திலேயே விலகுகிறது தெரியுமா? பல பத்து மீட்டர்! காரணம் எலக்ட்ரான் பஞ்சம். நேர்மின் கம்பியைக் கண்டதும் அவை ஓடிவந்து சூழ்ந்து அதை மறைக்கப் பார்க்கும். பூமிக்கு அருகிலுள்ள அயனி மண்டலத்தில், அதாவது வளிமண்டலத்தின் மின்னேற்றம் பெற்ற மேல் அடுக்கில், எலக்ட்ரான் ஏராளம், கம்பி சீக்கிரமே மறைந்துவிடும். சூரியக் காற்றிலோ ஆளே இல்லை. முழுதாக மறைக்கப் போதுமான கூட்டம் சேர்வதற்குள் மின்புலம் வெகுதூரம் போய்விடுகிறது. மின்சாரத்துக்கு ஆகாத அதே வறுமைதான் கண்ணுக்குத் தெரியாத கம்பியைப் பாய்மரக் கப்பலின் அகலப் பாயாக மாற்றுகிறது.

கம்பியில் விழும் எலக்ட்ரான்களை மின்சாரமாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. அவை சேரச் சேர அழுத்தம் இறங்கிவிடும், எலக்ட்ரான் துப்பாக்கியால் வெளியே துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான மின்சாரமும் சூரியத் தகட்டிலிருந்துதான். கிடைப்பது தள்ளுவிசை மட்டும்: ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு அரை மில்லிநியூட்டன், இரண்டு நெல்மணியின் எடை. ஆனால் எரிபொருள் இல்லாமல் வருடக்கணக்கில் தள்ளும்.



இதைச் சோதிக்க 2013இல் மாணவர்கள் உருவாக்கிய எஸ்ட்கியூப்-1 என்ற குட்டிச் செயற்கைக்கோளை எஸ்டோனியா அனுப்பியது. கம்பிச் சுருள் சுழலவில்லை, அதனால் கம்பி விரியவில்லை, சோதனை நடக்கவில்லை. எஸ்டோனியாவின் மக்கள்தொகை குமரி மாவட்டத்தைவிடக் குறைவு. நம் பொறியியல் கல்லூரிகளில் ஒன்றிரண்டுக்காவது, தோற்றாலும் பரவாயில்லை என்று, இப்படி ஒரு சுருள் செய்து பார்க்கப் பணம் கொடுத்தால் என்ன?