சொல் விளக்கம்: பாரம்பரியம் – மரபு

'பாரம்பரிய அறிவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்' என்று அடிக்கடி கேட்கிறோம். பாரம்பரியம் வடசொல். 'பர' என்பது இரட்டித்துப் 'பரம்பர' ஆனது. ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்று பொருள். அதிலிருந்து பரம்பரை, பாரம்பரியம். ஆக, இச்சொல் வரிசையை மட்டுமே சொல்கிறது.

இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் மரபு: முன்னோர் வழங்கியபடி வழங்கிவருவது. தருமபுரிக்கு இது பழகிய சொல். தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூறு 99ஆம் பாட்டில் இரண்டு இடத்தில் வருகிறது. 'அரும்பெறல் மரபின்' கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அவன் முன்னோர். அவர்கள் 'தொன்னிலை மரபின்' முன்னோர். கரணை (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு) வந்தால் மட்டும் போதுமா? நடவும் வெட்டவும் பிழியவும் அடுத்த தலைமுறைக்குக் கைவந்தால்தான் கரும்பு நிலைக்கும்.

தொல்காப்பியத்தின் கடைசி இயல் மரபியல். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களோடு அது தொடங்குகிறது. எந்த உயிரின் குட்டியை எப்படிச் சொல்வது என்பதே அங்கே மரபு. 'மரபுநிலை திரியின் பிறிதுபிறி தாகும்' என்பதும் அதே இயல்தான்.

பாரம்பரிய அறிவை மரபறிவு எனலாம். பரம்பரைக்கு இடம் பார்த்துத் தலைமுறை, கால்வழி. பரம்பரைச் சொத்து வழிவழிச் சொத்து. மரபணுவில் உள்ள மரபோ கற்பிக்காமலே உடம்பில் வருவது. மரபறிவு அப்படி வராது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'நம்ம பிள்ளைக்குத் தானா வந்துரும்' என்று இருந்துவிடுகிறோம்.

ராகிக் களியைப் பாருங்கள். 2 பங்கு மாவுக்கு அரைப் பங்கு நொய், 5 முதல் 6 பங்கு தண்ணீர். நொய் வெந்து கொதிக்கையில் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் குழி பறித்து, சிறுதீயில் 10 நிமிடம் விட வேண்டும். அதற்குமுன் கிண்டினால் கட்டி தட்டும், உள்ளே பச்சை மாவு நிற்கும். பிறகு சட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு அழுத்திக் கிண்ட வேண்டும். நனைத்த விரலில் ஒட்டாவிட்டால் பதம். இந்த 'பதம்' என்ற சொல்லை எழுதிக் கொடுத்துப் புரியவைக்க முடியாது. பேத்தியின் விரல் களியைத் தொட வேண்டும். துடுப்பைப் பாட்டியே வைத்துக்கொண்டால் அளவு மட்டும் பேத்திக்குப் போகும், மரபு போகாது.

எழுத்தில்லாத மொழியை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது இன்னும் கடினம். கிருஷ்ணகிரி மலைகளில் இருளர் வாழ்கின்றனர். இருளமொழிக்குத் தனி எழுத்து இல்லை. அதன் நடு உயிரொலிகளுக்கு (நாக்கின் நடுப்பகுதி எழும்பிப் பிறக்கும் உயிர்கள்) தமிழ் எழுத்தும் போதாது. தமிழில் எழுதியதை மட்டும் வைத்துப் படிக்கும் பிள்ளை தமிழ் ஒலியில்தான் படிக்கும். ஆகவே ஒலிப்பதிவும் கூடவே வேண்டும். கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும்: தமிழ்ச்சொல்லைச் சொல்லி 'இதுக்கு உங்க பேச்சுல என்ன?' என்றால், அந்தச் சொல்லே சற்றுத் திரிந்து திரும்பி வரலாம். கிழங்கு தோண்டும்போது கிழங்கைக் காட்டிக் கேட்க வேண்டும். பெரியவர் மூன்று முறை சொல்லட்டும். நான்காவதாகப் பேரன் சொல்ல, அவர் திருத்துவதும் பதிவில் இருக்கட்டும்.