உட்கட்டமைப்பா, அடிக்கட்டமைப்பா?

வளரும் நகரத்தைப் பற்றிய எந்தத் திட்ட அறிக்கையைப் பிரித்தாலும் முதல் பக்கத்திலேயே 'உட்கட்டமைப்பு' என்ற சொல் வந்துவிடும். சாலை, பாலம், குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தடம், மின்பாதை, ரயில்பாதை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். ஆனால் சாலையும் பாலமும் வெட்டவெளியில் கண்முன்னேதானே இருக்கின்றன, எதற்கு 'உள்ளே'? நெடுநாளாக என்னை உறுத்திய கேள்வி இது.

மூலச்சொல்லான 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' லத்தீன் வேர்களால் ஆனது. 'இன்ஃப்ரா' என்றால் கீழே. 'ஸ்ட்ருக்தூரா' என்றால் கட்டுமானம். உள்ளே என்ற பொருள் தரும் முன்னொட்டு 'இன்ட்ரா'. காதுக்கு நெருக்கமான இந்த இரண்டும் கலந்ததில்தான் தமிழில் 'உள்' ஒட்டிக்கொண்டதோ என்று தோன்றுகிறது. இந்தியில் வழங்கும் 'அவசம்ரசனா' என்ற சொல்லில் 'அவ' என்பது கீழ் என்ற பொருளையே தருகிறது.

வேர்கள் லத்தீன் என்றாலும் சொல் பிறந்தது பிரான்சில், ரயில் பொறியாளர்களிடையே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மண்மேடு, பாலம், சுரங்கவழி எல்லாம் கீழ்க்கட்டுமானம். அதன்மேல் பரப்பும் சரளைக்கல், கட்டை, தண்டவாளம் மேற்கட்டுமானம். இந்தப் பிரிவினையில் கணக்கும் கலந்திருந்தது. 1842ஆம் ஆண்டின் பிரெஞ்சு ரயில்வே சட்டம், நிலம் சமன் செய்வதையும் பாலம் கட்டுவதையும் அரசின் பொறுப்பாக்கியது. தண்டவாளமும் வண்டிகளும் ஓட்டும் உரிமையும் தனியார் நிறுவனங்களுக்குப் போயின. யாருடைய லாபக் கணக்கிலும் எளிதில் அடங்காத, ஆனால் எல்லாருடைய லாபத்தையும் தாங்கி நிற்கிற அடிப்பகுதி பொதுப்பணத்தில். அதன்மேல் நடக்கும் தொழில் தனியாரிடம். பொது முதலீடு என்ற கருத்து இந்தச் சொல்லின் பிறப்பிலேயே கலந்திருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

பிறகு சொல் ராணுவத்துக்குப் போனது. 1950களில் நேட்டோ நாடுகள் விமானத்தளம், எரிபொருள் குழாய், தகவல்தொடர்புத் தடம் ஆகியவற்றுக்குச் சேர்ந்து செலவிட்டபோது அந்தச் செலவினத்துக்கு இதே பெயரை வைத்தன. அங்கிருந்து பொருளியலுக்கும் நகரத் திட்டமிடலுக்கும் வந்து, இன்று இணையக் கண்ணாடியிழை வரை நீண்டுவிட்டது.

தமிழில் இதற்குப் பல பெயர்கள். 'உள்கட்டமைப்பு', புணர்ச்சி விதிப்படி 'உட்கட்டமைப்பு', வெறும் 'கட்டமைப்பு', 'அடிக்கட்டமைப்பு', பேச்சில் 'அடிப்படை வசதி'. கடைசிச் சொல் எளியது, யாருக்கும் புரியும். ஆனால் 'வசதி' என்றதும் அதைச் செய்து தருவது ஒரு சலுகைபோல ஆகிவிடுகிறது. கழிவுநீர்த் தடம் போட்டுத் தருவது சலுகையா? அது இல்லாத பகுதியில் தொழிற்கூடம் எழும்பாது, கூலிக்காரர் நோயில் விழுவார், வரிவருவாய் சுருங்கும். தாங்கும் பொருளை நேராகச் சொல்வது 'அடிக்கட்டமைப்பு'தான். என் தேர்வு அதுவே.

அடுத்த சொல் 'முதலீடு'. முதல், ஈடு என இரண்டு சேர்ந்தது. 'இடு' என்ற வினை நீண்டு 'ஈடு' ஆனது. 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்று 449ஆம் குறளில் வள்ளுவர் வணிகக் கணக்கின் மொழியிலேயே பேசுகிறார். சங்கப் பாடல்களில் மரத்தின் அடியையும் 'முதல்' என்பார்கள். தொடக்கம், அடி, போட்ட பணம் என மூன்றும் ஒரே சொல்லில்! லத்தீன் 'இன்ஃப்ரா' சொல்ல வந்ததை நம் 'முதல்' முன்பே வைத்திருக்கிறது. வரவுசெலவுத் திட்டங்களில் வரும் 'மூலதனம்' வடமொழியில் இதன் உடன்பிறப்பு. மூலம் என்றால் வேர்.

அடிக்கட்டமைப்பு, முதலீடு என்ற இந்த இரு சொற்களும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு ஈரி கால்வாயைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் மத்திய அரசு உதவாத நிலையில், நியூயார்க் மாநிலம் கடன்பத்திரம் விற்று 1817இல் வெட்டத் தொடங்கி 1825இல் முடித்தது. ஏறத்தாழ 584 கிலோமீட்டர். ஈரி ஏரிக்கரை ஊரான பஃபலோவிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப 100 டாலர் அளவில் இருந்த செலவு 10 டாலர் அளவுக்கு இறங்கியது. கட்டுமானக் கடன் சுங்கக் கட்டணத்திலேயே அடைந்தது. நாட்டின் முதன்மைத் துறைமுகமாக நியூயார்க் நிலைபெற்றதில் இந்தக் கால்வாய்க்குப் பெரிய பங்கு உண்டு. இத்தனைக்கும் கால்வாய் நகருக்குள் ஓரடிகூட ஓடவில்லை. வடக்கே ஆல்பனி அருகில், நியூயார்க் நகரை நோக்கிப் பாயும் ஹட்சன் ஆற்றோடு அது முடிந்துவிடுகிறது. நகரத்தைத் தாங்கும் அடி நகர எல்லைக்கு வெளியே கிடக்கலாம் என்றால், 'உள்' என்ற முன்னொட்டு எப்படிப் பொருந்தும்?

வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவது கடினம் என்பது உண்மைதான். 'உட்கட்டமைப்பு' என்று எழுதுவோரைப் பிழை செய்தவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புதிதாக எழுதும்போது இப்படி எழுதலாம்: 'நகரின் அடிக்கட்டமைப்பில் பொது முதலீடு உயர்ந்தது', 'அடிக்கட்டமைப்புக்கான மூலதனச் செலவு'. தனி மனிதர் நேரடியாகத் துய்ப்பதை, அதாவது வீட்டுக் குழாய் இணைப்பு, தெருவிளக்கு போன்றவற்றை, 'வசதி' என்றே சொல்லலாம். அந்தக் குழாய்க்கு நீர் கொண்டுவரும் ஏரியும் சுத்திகரிப்பு நிலையமும் பெருங்குழாயும் அடிக்கட்டமைப்பு.