கண்காட்சி அரங்க வாடகையில் அரசு உதவி: விண்ணப்பிக்கும் முன் யோசிக்க வேண்டியவை

மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் நடத்தும் கொள்முதல் மற்றும் சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டத்தின் கீழ், உள்நாட்டு வணிகக் கண்காட்சிகளில் அரங்கு எடுக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு அரங்க வாடகையில் 80 விழுக்காடு திருப்பித் தரப்படுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் நிறுவனங்களுக்கும் வடகிழக்கு மாநில நிறுவனங்களுக்கும் இது 100 விழுக்காடு. இரண்டுக்கும் வழிகாட்டு நெறிகளில் உச்சவரம்பு உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் இணையப் பதிவான உதயம் பதிவு கட்டாயம்; நடுத்தர நிறுவனங்களுக்கு இந்த உதவி இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு 25 கோடி ரூபாய்க்கும் ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய்க்கும் மேற்படாதவை சிறு நிறுவனங்களாகக் கொள்ளப்படுகின்றன.

பணம் முன்கூட்டியே கைக்கு வராது என்பதால், வாடகையை முதலில் நாமே கட்டியாக வேண்டும். மேலும், அரங்கில் நிற்கும் நாட்களில் பட்டறையில் நின்றுபோகும் வேலைக்கு எந்தத் திட்டமும் ஈடு தராது. எனவே உதவி கிடைக்கிறது என்பதற்காகக் கண்காட்சியைத் தேர்ந்தெடுக்காமல், நம் சரக்கை வாங்குபவர் எங்கே வருகிறார் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகே உதவியைத் தேடுவது முறை.

கோவையில் ஈரமாவு அரைக்கும் கிரைண்டர் செய்பவரையும், பம்புக்கு வார்ப்பு உதிரிபாகம் செய்பவரையும் எடுத்துக்கொள்வோம். டெல்லி பிரகதி மைதானத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை நடைபெறும் இந்தியப் பன்னாட்டு வணிகக் கண்காட்சி, தொடக்க நாட்களில் வணிகர்களுக்கும் பிறகு பொதுமக்களுக்கும் திறக்கப்படுவதால், முன்னவர் முகவரையும் பிடிக்கலாம், அங்கேயே விற்கவும் செய்யலாம். பின்னவருக்கு அந்தக் கூட்டத்தால் பயன் குறைவு. கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் இன்டெக் போன்ற இயந்திரக் கண்காட்சியில் கொள்முதல் மேலாளர் நான்கு பேர் வரைபடத்தோடு வந்து நின்றாலே அவருக்குப் போதும். சென்ற ஆண்டு அரங்கு எடுத்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, நம் தொழிலில் உள்ள இருவரிடம் பேசிப் பார்ப்பது, அமைப்பாளர் சொல்லும் பார்வையாளர் எண்ணிக்கையைவிட நம்பகமானது என்பது என் கருத்து.

கண்காட்சியை முடிவு செய்ததும், முன்பணம் கட்டுவதற்கு முன்பாகவே, அது உதவிக்குத் தகுதியானதுதானா என்பதைச் சென்னை கிண்டியிலோ கோவையிலோ உள்ள அமைச்சகத்தின் வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வாடகையை வங்கி வழியாகச் செலுத்தி, ரசீதையும் அரங்கின் படங்களையும் பத்திரப்படுத்துவது நல்லது. ரசீது உரிமையாளரின் சொந்தப் பெயரில் இல்லாமல், உதயம் சான்றிதழில் உள்ள நிறுவனப் பெயரில், எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்பதை அமைப்பாளரின் மேசையிலேயே பார்த்துவிட வேண்டும்.