வல்னரபிலிட்டி: தமிழில் ஊறுபடுநிலை

பருவநிலை பற்றிய அறிக்கைகளில் ‘வல்னரபிலிட்டி’ என்று வரும் இடத்தில், தமிழில் பெரும்பாலும் ‘பாதிப்பு’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது போதாது. பாதிப்பு அடி விழுந்த பிறகு தெரிவது. வல்னரபிலிட்டி என்ற சொல்லோ அதற்கு முந்தைய நிலையைப் பேசுகிறது: அடி விழுந்தால் ஒரு குடும்பம் எவ்வளவு நொடித்துப்போகும், மறுபடி எழ அதன் கையில் என்ன இருக்கிறது?

லத்தீனில் ‘வுல்னஸ்’ என்றால் காயம், மூலம் அதுதான். தமிழில் இதற்கு நெருக்கமானது ‘ஊறு’. படு என்பது பாடு ஆவதுபோல உறு என்பது ஊறு ஆகிறது. ‘உறுப்பமைந்து ஊறஞ்சா வெல்படை’ என்னும் 761ஆம் குறளில் ஊறு என்பது போர்க்களத்துப் புண். ‘பாதிக்கப்படும் தன்மை’ என்று எழுதுவோரும் உண்டு. தன்மை என்றதும் அது அந்த மக்களின் பிறவிக்குணம்போல ஆகிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலை என்றால் மாறும், மாற்றவும் முடியும். அதனால் ‘ஊறுபடுநிலை’.

ராமநாதபுரம் கடலோரத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஊருக்கே பொய்க்கிறது. ஆனால் எல்லா வீடும் ஒரேபோல விழுவதில்லை. ஒரே கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு மடைக்குப் பக்கத்தில் சொந்த நிலம், சில ஆடுகள், வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன். ஆட்டை விற்றாவது அந்த வருஷத்தை ஓட்டிவிடும். இன்னொன்று கடைமடையில், வாய்ப்பேச்சுக் குத்தகையில் முண்டு மிளகாய் போடும் வீடு. நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. குத்தகைக்கு எழுத்து இல்லாததால், நிலத்தில் என்ன பயிர் என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் சான்று வாங்குவது பெரும்பாடு. அது இல்லாமல் பயிர்க் காப்பீடும் நிவாரணமும் எட்டுவது கடினம். அப்புறம் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் கூலிதான் மிச்சம்.

கடலை ஒட்டிய ஊர்களில் பெண்கள் கடற்பாசி எடுத்து வீட்டைக் காப்பாற்றுகிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக ஆனதிலிருந்து, அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பதற்கும் கட்டுப்பாடு. பவளப்பாறையைக் காக்க வேண்டியதுதான். ஆனாலும் அந்த வீட்டுக் கணக்கில் அதுவும் ஒரு நெருக்கடி. வறட்சி, கிணற்றில் ஏறும் உப்பு, வட்டி, மிளகாய் விலைச் சரிவு எல்லாம் ஒரே வீட்டில் வந்து கூடுவதையும் சேர்த்துத்தான் ஊறுபடுநிலை என்கிறோம். இதை வறுமை என்று சுருக்கிவிடக் கூடாது. இன்று கையில் காசு புழங்கும் வீடும், ஒரே பயிரை நம்பிக் கடனில் நின்றால், ஊறுபடுநிலையில் இருப்பதுதான்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி, 2001 அறிக்கையில் இதை மூன்றாகப் பிரித்தது: இடருக்கு எவ்வளவு ஆட்படுகிறோம், அது எவ்வளவு உறைக்கிறது, தகவமைத்துக்கொள்ளும் திறன் எவ்வளவு. 2014 அறிக்கையில் முதலாவதான ஆட்படுதல், ஊறுபடுநிலையிலிருந்து பிரிந்து தனியாகப் போய்விட்டது. கடலோரத்தில் வீடு இருப்பது ஆட்படுதல். புயலடித்தால் மீள வழியில்லாமல் இருப்பது ஊறுபடுநிலை.

எழுதும்போது ‘ராமநாதபுரம் மாவட்டத்தின் ஊறுபடுநிலை அதிகம்’ என்று நிறுத்தினால் யாருக்கும் பயனில்லை. யாருக்கு, எதனால் என்பதும் கூடவே வர வேண்டும்: ‘எழுத்தில்லாக் குத்தகையால் கடைமடைக் குடும்பங்களுக்கு உண்டாகும் ஊறுபடுநிலை’. அளந்து பார்க்கும் ஆய்வை ‘ஊறுபடுநிலை மதிப்பீடு’ என்று சொல்லலாம்.